ஒரே சுருதி, பல குரல்கள்



ஒருவர் வயலினில் ‘ச’ வாசிக்கிறார். அதே சுருதியில் மற்றொருவர் புல்லாங்குழல் ஊதுகிறார். கண்களை மூடிக்கொண்டாலும் எது வயலின், எது குழல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். சுருதி ஒன்றாயிருக்க, இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதையே ஒலியின் பண்பு என்று இயற்பியலில் படிக்கிறோம்.

சென்ற ஆண்டு ஓர் இசைப் போட்டியில் நம் தோழி ஒருத்தி சின்தசைசரில் மோகன ராகம் வாசித்தாள். “இது பொத்தானை அமுக்கும் வேலை, இசையன்று” என்று அங்கே ஒருவர் சொல்லிவிட்டார். அவள் கண் கலங்கித் திரும்பினாள். அவர் சொன்னது சரிதானா? அந்தக் கருவியின் உள்ளே சென்று பார்ப்போம்.

சின்தசைசரின் இதயம் ஆசிலேட்டர் எனப்படும் அலையியற்றி. அது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி அலையை உண்டாக்குகிறது. அதன் அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். சைன் அலையில் 100 மட்டுமே இருக்கும். ஒலி மென்மையாய், வெறுமையாய்க் கேட்கும். இரம்பத்தின் பல்லைப் போன்ற அலையில் 100-உடன் 200, 300, 400 என எல்லா மேற்சுரங்களும் சேரும். அவற்றின் வீச்சு முறையே பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனக் குறையும். ஆகவே அது கணீரென்று ஒலிக்கும். சதுர அலையிலோ 100, 300, 500 என ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உண்டு. கிளாரினெட்டின் கீழ்ச்சுரங்கள் போல உட்குழிந்த ஒலி வரும். முக்கோண அலையிலும் ஒற்றைப்படையே. ஆனால் 300-இன் வீச்சு ஒன்பதில் ஒரு பங்குதான். எனவே அது சைன் அலைக்கு நெருங்கிய மென்மை உடையது.

இனிச் சதுர அலையைச் சற்றே மாற்றுவோம். விளக்கை அரை நொடி எரியவிட்டு அரை நொடி அணைப்பது போன்றது அது. எரியும் நேரத்தைக் கால் பங்காகவும், அணைந்த நேரத்தை முக்கால் பங்காகவும் ஆக்கினால்? அதிர்வெண் மாறாது, சுருதியும் மாறாது. ஆனால் முன்பு இல்லாத 200, 600 ஆகியவை தோன்றும். 400, 800 ஆகியவை மறைந்தே இருக்கும். அகலத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒலி மெலிந்து, மூக்கால் பாடுவது போலாகும்.

அந்த அகலத்தை ஓரிடத்தில் நிறுத்தாமல், மெதுவான இன்னோர் அலையால் நொடிக்கு ஒரு முறை கூட்டிக் குறைத்தால் என்ன நிகழும்? மேற்சுரங்கள் ஓயாமல் வலுத்தும் மெலிந்தும் வரும். ஒரே அலையியற்றி இரண்டு போலக் கேட்கும். இதுவே துடிப்பு அகலப் பண்பேற்றம். நம் பாடற்குழுவில் நாற்பது பேர் ஒரே சுரத்தைப் பாடினாலும், ஒவ்வொருவர் குரலும் மயிரிழை வேறுபடுவதால்தானே அந்த நிறைவு வருகிறது? இதுவும் அத்தகையதே.

மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் இருந்தார். அவர் 1982-இல் பத்து ராகங்களைச் சின்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ஜூபிடர்-8 என்ற கருவியை அதில் பயன்படுத்தினார். மேலே கூறிய துடிப்பலையும் அகலப் பண்பேற்றமும் அக்கருவியில் உண்டு. அன்று அந்த இசைத்தட்டை வாங்கியவர் சிலரே. 2010-இல் அது மறுபதிப்பான பிறகு உலகம் வியந்து கேட்டது. 2015-இல் மறையும் முன் அந்தப் பாராட்டை அவர் கண்ணாரக் கண்டார். அப்பத்து ராகங்களுள் ஒன்று பூபாலி. அது வேறொன்றுமன்று, நம் மோகனத்தின் ஐந்து சுரங்களே!

பொத்தான் சுரத்தைத்தான் தரும். அலையைத் தேர்வதும், அகலத்தை அளப்பதும், எந்தச் சுரத்தில் எவ்வளவு நிற்பது என்று அறிவதும் வாசிப்பவரின் செவியும் உள்ளமுமே. வயலினுக்கு வில் எப்படியோ, இதற்கு இவை அப்படி.

தோழி! கண்களைத் துடைத்துக்கொள். அடுத்த ஆண்டும் அதே மோகனத்தை வாசி. அலையின் அகலத்தை நீயே உன் செவிகொண்டு அமைத்து வாசி. கேட்க நாங்கள் முன்வரிசையில் இருப்போம்.