பாரம் குறைந்தது, பாதை நீண்டது

சைக்கிள் கற்ற நாளில் விழுந்து எழுந்ததை நம்மில் யாரும் மறப்பதில்லை. முதல் நெடும்பயணமோ அதனினும் பெரிய பாடம். அமெரிக்கப் பெண்மணி ஆனி லண்டன்டெரியின் வரலாற்றில் அதைக் காண்போம்.

அவரது குடும்பப் பெயர் கோப்சோவ்ஸ்கி. மூன்று குழந்தைகளின் தாய். சைக்கிள் பழக்கம் மிகச் சொற்பம். எனினும் 1894 ஜூன் மாதம் பாஸ்டன் நகரிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர் நிறுவனம் 100 டாலர் தந்தது. விளம்பரமாக அதன் பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டார்.

உடுத்தியதோ நீண்ட பாவாடை. சைக்கிளின் எடையோ 42 பவுண்டு. சிகாகோவை அடையவே செப்டம்பர் ஆயிற்று. உடல் மெலிந்தது, உள்ளம் சோர்ந்தது. பயணத்தைக் கைவிடவும் எண்ணினார்.

பின்னர் மனந்தேறி, 21 பவுண்டு எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். பாவாடையை விடுத்துத் தொளதொளப்பான கால்சட்டை அணிந்தார். சுமை பாதியாயிற்று! நியூயார்க் திரும்பி, கப்பலேறிப் பிரான்சு சென்றார். 1895 செப்டம்பரில் மீண்டும் சிகாகோ வந்து பயணத்தை நிறைவு செய்தார்.

உண்மையில், பெரும்பகுதித் தூரத்தை அவர் கப்பலிலேயே கடந்தார். அவர் கூறிய வீரக்கதைகளில் கற்பனையும் உண்டு. அதை நாம் பின்பற்ற வேண்டாம். சிகாகோவில் அவர் செய்ததையே பின்பற்றுவோம்.

கணக்கிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கும்போது, "என்னால் இயலாது" என்று முடிவு கட்டுமுன், நம்மை இழுத்து நிறுத்தும் சுமை எதுவென ஆராய்வோம். அச்சமா? சோம்பலா? பிறர் நகைப்பார்களோ என்ற கூச்சமா? அதை ஆண்டவர் திருவடியில் இறக்கி வைத்து, மீண்டும் மிதிப்போம்!