சுவரொட்டி வாசகமும் ஒலிபெருக்கியும்

கேலிச் சொற்களைத் தவிர்ப்பது பற்றித் தொண்டு நிறுவனம் ஒன்று அச்சிட்ட சுவரொட்டி, வட்டார வள மையம் வழியாக எங்கள் பள்ளிக்கு வந்தது. தவிர்க்க வேண்டிய சொற்கள் இடப்பக்கம், சொல்ல வேண்டியவை வலப்பக்கம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை அப்படியே ஒலிபெருக்கியில் வாசித்தேன். 'நொண்டி' என்றதும் வரிசையிலிருந்த தலைகள் எல்லாம் காலிப்பர் அணிந்த ஏழாம் வகுப்பு மாணவன் பக்கம் திரும்பின. "எல்லாரும் என்னையே பாத்தாங்க சார்" என்றான் பிறகு. தவிர்க்க வேண்டிய சொல்லைப் பள்ளி முழுவதற்கும் நானே உரக்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சுவரில் இரண்டு பக்கத்தையும் கண் ஒருசேரப் பார்க்கும். காதுக்கு முதலில் வருவது கேலிச் சொல்தான், அதுவே தங்கிவிடும். அடுத்த வாரக் கூட்டத்திற்கு ஒரே வரியை வைத்துக்கொண்டேன்: "நண்பரை அவர் பெயர் சொல்லியே கூப்பிடுவோம்."

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு இந்த வரி போதாது. சங்ககிரியில் லாரித் தொழில் குடும்பங்கள் அதிகம். வெளிமாநிலத்தில் வண்டியோடு நிற்கும் தந்தை நீண்ட செய்தியைப் படிப்பதில்லை, குரல் பதிவைக் கேட்கிறார். அரை நிமிடம் பேசினேன். வீட்டுப்பாடம் எழுதாதவரிடம் 'நொண்டிச்சாக்கு' என்று நானே பல ஆண்டுகள் சொல்லி வந்ததிலிருந்து தொடங்கினேன். காது கேளாத பெற்றோருக்காக அதையே எழுத்திலும் இட்டேன். (நொண்டி விளையாட்டின் பெயரை மாற்றச் சொல்லவில்லை, பிள்ளைகளே யோசிக்கட்டும்.)

கேலிச் சொற்களை வெளிப்படையாகப் பேச உகந்த இடம் வகுப்பறைதான். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதிலாக 'மாற்றுத்திறனாளி' அரசு வழக்குக்கு வந்ததைச் சொன்னேன். பிரிட்டனில் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற தொண்டு நிறுவனம், தன் பெயரிலிருந்த மருத்துவச் சொல்லே பிள்ளைகளின் வசவுச் சொல்லாகிவிட்டதால், 1994இல் 'ஸ்கோப்' எனப் பெயர் மாற்றிக்கொண்டதையும் சொன்னேன்.

"அப்போ மாற்றுத்திறனாளியும் ஒருநாள் கேலியாயிடுமா சார்?" என்றாள் ஒரு மாணவி. மைதானத்தில் அப்படி ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை.

பிறகு குழுவாகப் பிரித்து, பள்ளியில் எல்லோருக்கும் சொல்ல விரும்பும் ஒரு செய்தியை அறிவிப்புப் பலகைக்கு ஒரு விதமாகவும் குரல் பதிவுக்கு வேறு விதமாகவும் எழுதச் சொன்னேன். காலிப்பர் அணிந்த மாணவனின் குழு எழுதியதில் சொற்களைப் பற்றி எதுவுமே இல்லை. கழிப்பறைச் சாய்தளத்தின் கைப்பிடி ஆடுகிறது, சரிசெய்யுங்கள் என்று இருந்தது. தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.