மலையை அளக்கும் சக்கரங்கள்

நுழையும்முன்

பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டி, வீட்டையும் பள்ளியையும் இணைக்கிறது. அம்மிதிவண்டியின் உறவினமாகிய மலை மிதிவண்டி, தார்ச்சாலை முடியும் இடத்தில் தன் ஓட்டத்தைத் தொடங்குகிறது. ஊதியத்திற்காக அன்றி, விருப்பம் ஒன்றே காரணமாக மலைகளில் நெடுந்தொலைவு ஓட்டுவோர் எதனை எதிர்த்துப் போட்டியிடுகின்றனர்? அவர்களுக்குத் தேவையான அறிவு யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரை.

அமிர்தியிலிருந்து மேலே

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோ மீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி அமைந்துள்ளது. 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிறிய உயிரியல் பூங்காவும், மழைக்காலத்தில் உயிர்பெறும் அருவியும் இவ்வூரைச் சுற்றுலாப் பயணியர்க்கு அறிமுகப்படுத்தின. மிதிவண்டி ஓட்டுவோர்க்கு இவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. அதுவரை சமவெளியில் வந்த பாதை இங்கே மலைப்பாதையாக மாறுகிறது. மேலே ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளி பழங்குடி மக்கள் சாமை முதலிய சிறுதானியங்களை விளைவித்து வாழ்கின்றனர்.

இம்மலைத்தொடரை அடுத்த செங்கத்தின் தலைவன் நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறது. வழுக்கும் பாறை எங்கே, விலங்குக்கு வெட்டிய குழி எங்கே, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லிலிருந்து எவ்வாறு தப்புவது என்பனவெல்லாம் அதில் உண்டு. மலைவழியில் செல்பவனுக்குத் துணிவைவிட வழியறிவே முதல் துணை என்பதை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார். இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை.

போட்டி யாருடன்?

நம் மாநிலத்தோடு தொடர்புடைய நெடுந்தொலைவு மிதிவண்டி நிகழ்வுகளுள் குறிப்பிடத்தக்கது, 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’. பல நாள் நீளும் இப்பயணத்தில் கலந்துகொள்வோருள் பெரும்பாலோர் மென்பொருள் பொறியாளர், மருத்துவர், வணிகர் எனப் பிற தொழில்களில் உள்ளவர்கள். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் இதன் கடுமையான பகுதி. இது தார்ச்சாலைப் பயணம். கற்களும் சேறும் நிறைந்த பாதைகளில் ஓட்ட விரும்புவோர் இமாச்சலப் பிரதேசத்திற்குச் செல்கின்றனர். அங்கு 2005 முதல் ‘எம்டிபி இமாலயா’ என்னும் மலை மிதிவண்டிப் போட்டி நடத்தப்பட்டு வந்துள்ளது.

இத்தகைய போட்டிகளில் முதலிடத்திற்கு முயல்வோர் மிகச் சிலரே. ஏனையோர் போட்டியிடுவது நேர வரம்புடன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லெட்வில் என்னும் சுரங்க ஊரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அருகிலிருந்த பெருஞ்சுரங்கம் 1982இல் மூடப்பட்டு, ஊர் மக்கள் வேலையிழந்தனர். வெளியூரார் வந்து தங்கினால் ஊர் பிழைக்கும் எனக் கருதிய சுரங்கத் தொழிலாளர் ஒருவர், அடுத்த ஆண்டே 100 மைல் ஓட்டப் போட்டியைத் தொடங்கினார். 1994இல் அதே தொலைவிற்கு மலை மிதிவண்டிப் போட்டியும் வந்தது. கடல் மட்டத்திலிருந்து 3000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தொடங்கும் அப்போட்டியை 12 மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும். முடித்தவர் யாவர்க்கும் இடைவார்க் கொளுவி ஒன்று பரிசு. வென்றவர் பெயரைக் காட்டிலும் அக்கொளுவியே அங்கு வருவோரை ஈர்க்கிறது எனலாம்.

ஏற்றத்தின் கணக்கு

நேர வரம்பு என்றவுடன் விரைந்து ஓட்டுவதே வழி எனத் தோன்றும். மலை அவ்வாறு கற்பிப்பதில்லை. அமிர்தியிலிருந்து மேலே செல்லும் ஒருவர், மிதிவண்டியும் சுமையும் சேர்த்து 85 கிலோகிராம் எடையுடன் 500 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். இயற்பியல் பாடத்தில் நீங்கள் கற்கும் நிலையாற்றல் வாய்பாட்டின்படி இதற்கு ஏறத்தாழ 4.2 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. மனித உடல், உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே மிதிக்கும் வேலையாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. எனவே உடல் செலவிடுவது சுமார் 400 கிலோ கலோரி. காற்றின் தடையும் பாதையின் உராய்வும் இதில் சேரவில்லை.

தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்துள்ள மாவுப்பொருள், பெரும்பாலோர்க்கு 2000 கிலோ கலோரி அளவிற்குள்ளேயே அடங்கும். உடலில் கொழுப்பு மிகுதியாக இருப்பினும் அதனை விரைந்து எரிக்க இயலாது. முதல் ஏற்றத்திலேயே மூச்சிரைக்க மிதிப்பவர் மாவுப்பொருளை மிகுதியாகச் செலவிடுகிறார். மூன்று, நான்கு மணி நேரத்திற்குப் பின் கால்கள் ஈயமாய்க் கனக்கின்றன, கண் இருள்கிறது, எளிய முடிவும் எடுக்க முடிவதில்லை. முன்னால் சென்றவர்களைப் பின்னால் வந்தவர்கள் அமைதியாகக் கடந்து செல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அருகிலிருப்பவரோடு ஓரிரு தொடர்கள் பேச முடிகின்ற அளவிற்கு மிதிப்பதே நெடும்பயணத்திற்கு ஏற்ற வேகம். பசி எடுக்கும் முன்பே மணிக்கொரு முறை சிறிது உண்ண வேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும், உப்பிட்ட எலுமிச்சை நீரும் இதற்குப் போதும். பளபளக்கும் உறைகளில் விற்கும் அயல்நாட்டுப் பண்டங்கள் இன்றியமையாதவை அல்ல.

மலை மிதிவண்டியின் கியர் அமைப்பும் இக்கணக்கிற்குத் துணைபுரிவதே. சாதாரண மிதிவண்டி ஒன்றின் முன்சக்கரப்பல் 44, பின்சக்கரப்பல் 18 எனில், பெடல் ஒருமுறை சுழலும்போது வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். முன்னே 32 பல்லும் பின்னே 50 பல்லும் உடைய மலை மிதிவண்டி, அதே ஒரு சுழற்சியில் ஒன்றரை மீட்டர்தான் நகரும். வேலை குறைவதில்லை, அது சிறுசிறு கூறுகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. கியர் இல்லாத வண்டியில் மலையேறுபவர் இறங்கித் தள்ளிச் செல்வதில் இழிவேதும் இல்லை. பெரிய போட்டிகளிலும் செங்குத்தான இடங்களில் வீரர்கள் வண்டியைத் தள்ளியே ஏறுகின்றனர்.

இறக்கமே தேர்வு

ஏறும்போது தேக்கிய 4.2 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்கே செல்கின்றன? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. மலை மிதிவண்டியின் வரலாறே இவ்வெப்பத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். கலிபோர்னியாவின் மரின் பகுதியில் 1970களில் இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976 அக்டோபர் 21 அன்று அவர்கள் முதன்முறையாக நேரம் குறித்துப் போட்டி நடத்தினர். மூன்று கிலோ மீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். பின்சக்கர அச்சில் அமைந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து வெளியேறிவிடும். ஒவ்வொரு முறையும் அச்சைக் கழற்றிப் புதிதாக மசகு நிரப்ப வேண்டியிருந்தது. ‘மீண்டும் நிரப்பு’ எனப் பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அப்போட்டியின் பெயராயிற்று. விடுமுறை நாள் விளையாட்டாகத் தொடங்கிய இது, இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

இன்றைய பிரேக்குகள் மேம்பட்டவை. வெப்பம் மட்டும் அதே வெப்பம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது அழுத்திப் பிடித்தால் சக்கர வளையம் சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு. வளைவிற்கு முன்பே இரு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விடுவித்து வளைவைக் கடப்பதே முறை. பார்வை, முன்சக்கரத்தின் மீது அன்றி, வளைவு முடியும் இடத்தை நோக்கியிருத்தல் வேண்டும். களைத்த உடலோடும் மங்கிய கவனத்தோடும் இறங்கத் தொடங்குவதே பேரிடர். உச்சியில் பத்து நிமிடம் அமர்ந்து, உண்டு, பிரேக்கைச் சரிபார்த்து இறங்குபவர் அந்தப் பத்து நிமிடத்தை இழந்தவர் அல்லர். தலைக்கவசம் பற்றித் தனியே கூறவேண்டியதில்லை.

விலகலும் திரும்புதலும்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தபின்னும் முடிக்க இயலாத நாள் ஒன்று வரலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை, ராக்கி மலைகளைக் கடந்து, ஏறத்தாழ 4900 கிலோ மீட்டர் செல்லும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ என்னும் சாலைப் போட்டியில் 2016இல் இந்திய இராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத் கலந்துகொண்டார். இடையிலேயே விலக நேர்ந்தது. மறு ஆண்டு மீண்டும் சென்று, 11 நாள் 18 மணி 45 நிமிடத்தில் அதனை நிறைவு செய்தார். தனியொருவராக அப்போட்டியை முடித்த முதல் இந்தியர் அவரே. அதே போட்டியில் சில மணி நேரம் கழித்து நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த்தும் இலக்கை அடைந்தார்.

முதல் ஆண்டின் விலகலைத் தோல்வி எனப் பதிவேடுகள் குறிக்கும். ஆயினும் அன்று விலகியிராவிடில் மறு ஆண்டின் பயணம் நிகழ்ந்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கடும் வெயிலில் உடல் சிலிர்த்தல், தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியன தோன்றின் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் சிறிது தூரம்தானே’ என்னும் எண்ணம் அப்போது நண்பனைப் போலவே பேசும்.

அமிர்தியைச் சுற்றியுள்ளது காப்புக்காடு. வனத்துறையின் இசைவின்றிப் பாதையை விட்டு உள்ளே செல்லுதல் கூடாது. சக்கரத்தடம் பதிந்த சரிவில் அடுத்த மழைநீர் ஓடி மண்ணை அரித்துச் செல்லும். மலைமேல் வாழும் மக்களுக்கோ அப்பாதை அன்றாட வழி. சுமையோடு எதிரே வருபவர்க்கு வண்டியை ஒதுக்கி வழிவிடுதல் அங்கு எழுதப்படாத விதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் எடையையும் மிதிவண்டியின் எடையையும் கொண்டு, ஊருக்கு அருகிலுள்ள குன்றின் மீது ஏறத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிடுக.

2. உங்கள் ஊரிலிருந்து அமிர்திக்கோ அருகிலுள்ள மலைக்கோ முதன்முறை செல்லும் நண்பருக்கு, வழியின் இடர்களையும் தங்குமிடங்களையும் விளக்கி ஆற்றுப்படை முறையில் மடல் ஒன்று வரைக.

3. ‘இடையில் விலகியவர் தோற்றவரா?’ என்னும் பொருளில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.