கைப்பேசித் திரைக்குள் ஓர் உலோக அணு

கல்விப் பகுதி: பிளஸ் டூ, பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களுக்காக

அடுப்புத் தீயில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் தீ மஞ்சளாகிறது. மரக்காணம் உப்பளங்களை ஒட்டி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான். உப்பிலுள்ள சோடியம் அணுவின் எலக்ட்ரான் வெப்பத்தால் மேல்நிலைக்கு ஏறுகிறது. திரும்ப இறங்கும்போது, ஏறுவதற்கு வாங்கிய ஆற்றலை ஒளியாக விட்டுவிடுகிறது.

கைப்பேசிகளில் இன்று பரவலாக உள்ள ஓஎல்இடி திரையிலும் இதுவே நடக்கிறது. இரண்டு வேறுபாடுகள்தான்: எலக்ட்ரானை ஏற்றிவிடுவது வெப்பம் அல்ல, மின்சாரம், ஒளிர்வது தனி அணு அல்ல, ஒரு மூலக்கூறு.

திரையின் அமைப்பு

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கார்பன் சேர்மங்களின் மெல்லிய படலங்கள் இருக்கும். எல்லாம் சேர்ந்தும் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஒரு முனையிலிருந்து எலக்ட்ரானும், மறுமுனையிலிருந்து எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமான 'துளை'யும் வந்து நடுவில் சந்திக்கின்றன. அங்குள்ள மூலக்கூறு கிளர்ச்சியுற்று ஒளி விடுகிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் எல்சிடி திரையைப் போலப் பின்னொளி தேவையில்லை. கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்தே இருக்கும்.

1987-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் இத்தகைய சாதனத்தை வெளியிட்டார்கள். அதில் ஒளிர்ந்தது ஓர் அலுமினியச் சேர்மம். கல்லூரி ஆய்வகத்தில் மக்னீசியத்தையும் அலுமினியத்தையும் வீழ்படிவாக்கப் பயன்படும் 'ஆக்சின்' மூன்று சேர்ந்து ஓர் அலுமினிய அயனியைப் பற்றிக்கொண்டால் கிடைப்பதுதான் அது.

முக்கால் பங்கு வீண்

அந்தச் சாதனத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று படித்திருப்பீர்கள். மின்சாரத்தால் கிளர்ச்சியுறும் மூலக்கூறுகளில் நான்கில் ஒன்று 'ஒற்றை நிலை'க்கும், மூன்று 'மும்மை நிலை'க்கும் போகின்றன. ஒற்றை நிலையிலிருந்து எலக்ட்ரான் எளிதாக இறங்கி ஒளி தரும். மும்மை நிலையிலிருந்து இறங்க வேண்டுமானால் தற்சுழற்சியைத் திருப்ப வேண்டும். குவாண்டம் விதி அதற்கு எளிதில் இடம் தராது. காத்திருக்கும் அந்த ஆற்றல் வெப்பமாகவே போய்விடும். நாலு பாத்திக்கு நீர் பாய்ச்சிவிட்டு ஒரு பாத்தியில் மட்டும் உப்பு வாரியது போல!

கனமான அணு திறந்த வழி

இந்தத் தடையை உடைத்தவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்க் பால்டோ, ஸ்டீபன் ஃபாரஸ்ட், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்சன் ஆகியோரின் குழுவினர். 1998-இல் பிளாட்டினச் சேர்மத்தைக் கொண்டு சிவப்பு ஒளியையும், அடுத்த ஆண்டு இரிடியம் சேர்மத்தைக் கொண்டு பச்சை ஒளியையும் பெற்றார்கள்.

அலுமினியத்தின் அணு எண் 13. இரிடியத்தின் அணு எண் 77. கனமான அணுக்கருவின் வலுவான மின்னூட்டத்தால், எலக்ட்ரானின் தற்சுழற்சியும் அது கருவைச் சுற்றும் இயக்கமும் ஒன்றோடொன்று இறுகப் பிணைகின்றன. அப்போது 'திரும்பக் கூடாது' என்ற விதி தளர்கிறது. மும்மை நிலையில் நின்றவையும் ஒளியாக இறங்குகின்றன. ஒற்றை நிலையில் இருந்தவையும் மும்மை நிலைக்கு வந்து ஒளி தருகின்றன. திரைக்குள் உண்டாகும் கிளர்ச்சியில் கிட்டத்தட்ட நூறு சதவீதத்தையும் ஒளியாக்க முடியும் என்று பிறகு நிறுவப்பட்டது. ஆக, உலோகம் இருந்தால் மட்டும் போதாது, அது கனமானதாகவும் இருக்க வேண்டும்.

நிறத்தை மாற்றுவது எப்படி? உலோகத்தைச் சுற்றியுள்ள ஈனிகளை மாற்றினால் நிறமும் மாறும். ஒரே இரிடியம் ஓர் ஈனியோடு பச்சை, இன்னொன்றோடு சிவப்பு, ஃப்ளூரின் சேர்த்த ஈனியோடு வான்நீலம் தரும். பிளஸ் டூ 'அணைவு வேதியியல்' பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் தீராதவை

ஒன்று, நீலம். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அந்த ஆற்றல் மூலக்கூறின் பிணைப்புகளையே உடைத்துவிடுவதால் சேர்மம் சீக்கிரம் கெட்டுப்போகிறது. ஆகவே பெரும்பாலான கைப்பேசிகளில் சிவப்பும் பச்சையும் இரிடியம் முறையில் ஒளிர, நீலம் மட்டும் பழைய முறையிலேயே ஒளிர்கிறது.

இரண்டு, இரிடியம் மிக அரிய உலோகம். பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் துணைப்பொருளாகக் கிடைப்பது. அதனால் விலை குறைந்த செம்புச் சேர்மங்களையும், உலோகமே இல்லாத சேர்மங்களையும் ஆராய்ந்து வருகிறார்கள்.

மூன்று, ஈரம். நீராவியும் காற்றும் உள்ளே போனால் மின்முனை கெட்டுத் திரையில் கரும்புள்ளிகள் தோன்றும். கடலோரத்தில் இருக்கும் நாம் விரிசல் விட்ட திரையை நாள்கணக்கில் அப்படியே வைத்திருப்பது நல்லதல்ல.

நம் பிள்ளைகளுக்கு என்ன?

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் கைப்பேசிகளை ஒன்றுசேர்க்கிறோம். ஆனால் அவற்றின் திரை பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இந்த நிலையை மாற்றும் முயற்சியாகச் சென்னை ஐஐடியில் 2024-இல் அமோலெட் ஆராய்ச்சி மையம் திறக்கப்பட்டது. ஒன்றிய மின்னணுவியல் அமைச்சகம், டிஆர்டிஓ, டாடா சன்ஸ் ஆகியவை அதற்கு நிதி அளித்துள்ளன. திரையைப் பொருத்தும் வேலை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. திரையை உருவாக்கும் வேலைக்கு வேதியியலும் இயற்பியலும் படித்தவர்கள் வேண்டும். 'கெமிஸ்ட்ரி படித்து என்ன ஆகப் போகிறது' என்று கேட்கும் பெற்றோர், மகனோ மகளோ விரும்பினால் தடுக்காமல் படிக்க விடுங்கள். அந்த நீல ஒளி நம் பிள்ளைகளில் ஒருவர் கையால் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.

யோசித்துப் பாருங்கள்

1. ஓர் இரிடியம் அயனியை மூன்று ஈனிகள், ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் பற்றியுள்ளன. அணைவு எண் என்ன?

2. கறுப்புப் பின்னணி வைத்தால் ஓஎல்இடி திரையில் பேட்டரி மிச்சமாகிறது. எல்சிடி திரையில் அவ்வளவாக மிச்சமாவதில்லை. ஏன்?

3. அலுமினியச் சேர்மத்தால் முடியாததை இரிடியம் சேர்மம் எப்படிச் செய்தது? நான்கு வரிகளில் உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள்.