தட்டுப் போர்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்கே உள்ள காங்கேயம் வட்டாரத்தில் மழை குறைவு. திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வறண்ட நிலத்திலேதான், பாரவண்டி இழுப்பதில் பெயர்பெற்ற காங்கேயம் காளைகள் பிறந்து வளர்கின்றன.

இங்குள்ள உழவர்கள் மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கிய நிலத்தைக் கொறங்காடு என்பர். அதனைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும். படலைச் சாத்திவிட்டால் மாடுகள் தாமே மேயும், மேய்ப்பவர் வேண்டியதில்லை. ஆனால் கோடையில் புல் கருகிவிடும். உதிரும் வெள்வேலங்காய்களை ஆடுகள் தேடித் தின்னும். மாடுகளுக்கோ அவை போதா. அப்போது கைகொடுப்பது தட்டு. உலர்ந்த சோளப்பயிரையே அவ்வாறு அழைக்கின்றனர்.

போபாலில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, கோடை விடுமுறையில் தன் அப்புச்சியின் தோட்டத்திற்கு வந்தாள். தாயின் தந்தையைக் கொங்கு நாட்டில் அப்புச்சி என்று அழைப்பது வழக்கம். கட்டுத்தரையில் இரண்டு பசுக்களும் ஒரு கிடாரியும், பால் குடிக்கும் சிறு கன்று ஒன்றும் நின்றன. பசுக்கள் வெண்சாம்பல் நிறம், கன்றோ செந்நிறம். "இது வேறு மாட்டின் கன்றா?" என்று வினவினாள். காங்கேயம் கன்றுகள் செந்நிறமாகவே பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் பெறும் என்று அம்மிச்சி விளக்கினார்.

மாசியில் கிணற்று நீர் பாய்ச்சி விதைத்த சோளத்தில் ஒரு பகுதியை முன்னரே அறுத்திருந்தனர். எஞ்சியது பூத்து நின்றது. தீவனத்திற்கான சோளத்தை நெருக்கமாக விதைப்பர்; அப்போதுதான் தண்டு மெலிந்து மாடு தின்பதற்கு ஏற்றதாகும். விடியலில் அரிவாளுடன் இறங்கியவர்கள் வெயில் ஏறுமுன் அறுத்து, வயலிலேயே வரிசையாகப் பரப்பினர். ஒருபுறம் காய்ந்ததும் திருப்பிப் போட்டனர். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடித்துத் தட்டு முழுவதும் பாழாகும். அப்புச்சி தண்டை ஒடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முன்னர் அறுத்த பகுதியில், கோடை மழை பெய்த ஈரத்தில், அடிக்கட்டைகளிலிருந்து பசுந்தளிர்கள் முளைத்திருந்தன. உலர்ந்த தட்டையே மென்றுகொண்டிருந்த பசுவைக் கண்டு சிறுமி இரங்கினாள். ஒரு கை நிறையத் தளிர் பறித்து அதன் வாயருகே நீட்டினாள்.

"கண்ணு! கீழே போடு!"

என்றும் உரக்கப் பேசாத அப்புச்சி ஓடிவந்து தளிர்களைத் தட்டிவிட்டார். சிறுமியின் கண்கள் கலங்கின.

"பச்சையாகத் தின்னட்டுமே என்றுதானே பறித்தேன், அப்புச்சி!"

அவர் அவளைத் திண்ணையில் அமர்த்தினார். இளஞ்சோளத்திலும், வாடிய பயிரிலும், மறுதாம்புத் தளிரிலும் ஒரு வேதிப்பொருள் மிகுந்திருக்கும். மாட்டின் வயிற்றில் அது சயனைடு என்னும் நஞ்சாக மாறும். மூச்சுத் திணறி, மாடு சிறிது நேரத்திலேயே இறந்துபோகலாம். கால்நடை மருத்துவர் உடனே வந்து ஊசி போட்டால்தான் பிழைக்கும். பூத்த பின் அறுத்து நன்றாக உலர்த்திய தட்டில் அந்நஞ்சு பெரிதும் குறைந்துவிடும்.

"முன்பு ஒரு பசுவை இப்படித்தான் இழந்தேன். அன்று படலைச் சாத்த மறந்தது நான்தான்" என்றார் அவர். அன்று மாலை அவள் தானே சென்று படலை இருமுறை அசைத்துப் பார்த்தாள்.

வைகாசி முதல் வாரத்தில் போர் வேயத் தொடங்கினர். கறையானும் ஈரமும் அணுகாதவாறு அடியில் கற்களைப் பரப்பி, மேலே விறகுகளை இட்டனர். கட்டுகளின் அடிப்பகுதி வெளியேயும் பூந்தலை உள்ளேயும் இருக்குமாறு அடுக்கினர். மேலே செல்லச் செல்லக் குறுக்கிக் கூரைபோல் முடித்தனர். மழைநீர் வழிந்தோட வேண்டுமல்லவா? சிறுமி கட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். மொத்தம் 420. நாளொன்றுக்கு 3 கட்டுகள் எனின் 140 நாள்களுக்கு வரும்.

"புரட்டாசியிலேயே தீர்ந்துவிடுமே, அப்புச்சி! ஐப்பசி மழைக்குப் பின்னர்தானே புல் முளைக்கும்?"

அப்புச்சி கிணற்றை எட்டிப் பார்த்தார். நீர் இன்னும் இருந்தது. கால் ஏக்கர் விதைக்க அது போதும் என்றார். மறுநாள் காலை இருவரும் விதைச் சோளம் வாங்கச் சந்தைக்குப் புறப்பட்டனர்.

பயிற்சி

1. அப்புச்சி தளிர்களை ஏன் தட்டிவிட்டார்?
2. போரில் 510 கட்டுகள் இருந்திருந்தால் எத்தனை நாள்களுக்கு வரும்?
3. நீ வாழும் ஊரில் கோடையில் மாடுகளுக்கு என்ன தீவனம் இடுகின்றனர்? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.