பனி முடியுது... பால்கனி மல்லி ரெடியா?

தை பிறந்தாச்சு. காலையில பனி, மதியம் சுள்ளுன்னு வெயில். நம்ம ஊர்ல வசந்தம்னு நீளமா ஒண்ணும் கிடையாது. மாசி தாண்டினா நேரா கோடைதான். இந்தச் சின்ன இடைவெளியில தொட்டிச் செடிக்கு என்ன செய்யணும்? குண்டுமல்லியை உதாரணமா வெச்சுப் பார்ப்போம்.

1. முதல்ல வெயில் கணக்கு

"ஜனவரி வரைக்கும் நல்லா இருந்துச்சு, அதே இடம்தான், இப்போ பூக்க மாட்டேங்குது" என்று பலர் சொல்வதுண்டு. இடம் அதேதான், சூரியன்தான் நகர்ந்துவிட்டது.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53.5 டிகிரி உயரத்தில் நிற்கும். மார்ச் 21-இல் 77 டிகிரி. தெற்குப் பார்த்த பால்கனியில் மேல்தளம் 9 அடி உயரத்தில் இருந்தால், வெயில் உள்ளே வரும் தூரம் = 9 ÷ டேன் (சூரியனின் உயரக் கோணம்). டிசம்பரில் ஆறரை அடிக்கு மேல். மார்ச்சில் வெறும் 2 அடி! மல்லிக்கு தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். நிழலில் இலை வரும், பூ வராது. அதனால தொட்டியை மெல்ல வெளி விளிம்புக்கு நகர்த்துங்க. கைப்பிடிச் சுவர் மறைத்தால் ஸ்டூல் மேல ஏத்துங்க.

ஏப்ரல் கடைசியில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வந்து, பிறகு வடக்கே போகும். வடக்குப் பால்கனிக்காரங்களுக்கு அப்போதான் யோகம்.

2. கவாத்து

மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய கிளையைப் பாவம்னு விட்டுவைத்தால் புதுத் தளிர் குறையும், பூவும் குறையும். காய்ந்த, நோஞ்சான் குச்சிகளை முழுசா எடுத்துடுங்க. மற்றவற்றை ஒன்றரை அடி உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே கூர்மையான கத்தரியால் வெட்டுங்க. தையில் வெட்டினால் பங்குனி வாக்கில் மொட்டு பார்க்கலாம்.

3. மண்ணும் உரமும்

மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கலந்த செம்மண் போடுங்க. 15 நாளுக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல்: 50 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் மூணு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊத்தணும். அதிலுள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து, வேர் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனா மாத்தும்.

மட்காத சருகை மட்டும் மண்ணோடு கலக்காதீங்க. அதில் கார்பன் அதிகம். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனையே எடுத்துக்கும், செடி மஞ்சளாகும்.

4. தண்ணீர்

பனிக்காலப் பழக்கத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் மாசி வெயிலுக்குப் போதாது. கிழமை பார்த்து ஊத்தாம, விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க, காய்ந்திருந்தா ஊத்துங்க. போர் தண்ணீரால் மேலே வெள்ளையா உப்புப் படிந்தால், அதைச் சுரண்டிவிட்டு, முடிந்தால் நல்ல தண்ணீரை அடித்துளை வழியா நிறைய வெளியேறும்வரை ஊத்துங்க. அடித்துளை அடைத்திருந்தா வேர் அழுகிடும்.

5. பூச்சி

மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிவதே முதல் வைத்தியம். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கமும் படும்படி தெளியுங்க. மாலையில் மட்டும்! வெயிலில் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும், இலையும் கருகலாம், தேனீக்களுக்கும் நல்லது.

இந்த வார அசைன்மென்ட்

லீவு நாள்ல காலை 8 முதல் மாலை 4 வரை, மணிக்கு ஒருமுறை பால்கனித் தரையில் வெயில் விழும் எல்லையை சாக்பீஸால் குறிங்க. மாசியில் இன்னொரு முறை குறிங்க. தொட்டி எங்கே இருக்கணும்னு தரையே சொல்லிடும்.