நீலகிரித் தைலம்: வாங்குவது முதல் ஆவி பிடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் போய்விட்டு மதுரை ஆரப்பாளையத்தில் வந்து இறங்குகிறவர்கள் பலரது பையில் ஒரு தைலப் பாட்டில் இருக்கும். நல்ல மருந்துதான். ஆனால் அளவும் முறையும் தெரிந்து கையாள வேண்டும்.

1. உள்ளே இருப்பதை அறியுங்கள்

தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல் (C₁₀H₁₈O). கூடவே பைனீன், லிமோனீன் போன்றவையும் உண்டு. சினியோலின் கொதிநிலை சுமார் 176 டிகிரி. ஆனால் இலைகளுக்குள் நீராவியைச் செலுத்தினால், 100 டிகிரிக்கும் கீழேயே அது நீராவியோடு சேர்ந்து வெளியேறும். அதைக் குளிர்வித்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும்.

2. பார்த்து வாங்குங்கள்

மருந்துத் தைலத்தில் சினியோல் குறைந்தது 70 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தரநூல். மலையில் வளரும் யூக்கலிப்டஸ் குளோபுலஸ் இனம் இதற்குப் பேர்போனது. எலுமிச்சை வாசனை அடித்தால் அது சிட்ரோனெல்லால் மிகுந்த வேறு இனம். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் காணும் தைல மரங்கள் பெரும்பாலும் காகிதக்கூழுக்கானவை.

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய்க் கறை அப்படியே தங்கினால் சமையல் எண்ணெய் கலந்திருக்கலாம்.

3. அளவாகப் பயன்படுத்துங்கள்

ஆவி பிடிக்க: தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஆடாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூக்கு திறந்தது போலத் தோன்றுவது, குளிர்ச்சியை உணரும் நரம்புகளைச் சினியோல் தூண்டுவதால்.

பூச: 5 மி.லி. தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும்.

4. ஒருபோதும் குடிக்காதீர்கள்

சினியோலை உட்கொள்ளத் தந்து பார்த்த ஆய்வு உண்டு. 2003இல் வெளியான அந்த ஜெர்மன் ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தினமும் மூன்று வேளை 200 மி.கி. சினியோல் தரப்பட்டது. 12 வாரத்தில் அவர்களது ஸ்டீராய்டுத் தேவை 36 விழுக்காடு குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 7 விழுக்காடுதான். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் அது மருத்துவர் மேற்பார்வையில் தந்த தூய சினியோல்; பாட்டில் தைலத்துக்கு அது பொருந்தாது.

ஒரு தேக்கரண்டித் தைலம் உள்ளே போனாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். மதுரைக்காரர்களுக்கு ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கைக்குழந்தைகளின் முகத்திலும் மூக்கிலும் தடவவே கூடாது. சிறுபிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம். கொதிநீர் கொட்டிச் சுட்டுவிடும். வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. பத்திரமாக வையுங்கள்

அக்னி நட்சத்திர வெயிலில் வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். தைலம் எளிதில் தீப்பற்றும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் தோலை உறுத்தும். அடர்நிறப் பாட்டிலில், இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

6. எப்போது மருத்துவரிடம் போவது?

தைலம் சளியின் தொந்தரவைத் தணிக்கும். நோயின் காரணத்தைத் தீர்க்காது. மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகவே செய்கிறார்கள்.